பொங்கலை ஒட்டிய பிராங்க்பர்ட் பயணம்: தொழில் செலவும் குடும்பச் செலவும் ஒரே பில்லில் வந்தபோது

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தை பிறப்பது ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில்தான். ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே நான்கு நாள் நடக்கிறது. மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன், படுக்கை விரிப்பு என்று நாங்கள் நெய்து தைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஆண்டின் பையர்கள் (சரக்கு வாங்குபவர்கள்) அங்கேதான் முடிவாகிறார்கள். போகாமல் இருக்க முடியாது. போனால் பொங்கலுக்கு வீட்டில் இருக்க முடியாது. என் மகன் பிறந்த பிறகு அவனோடு நான் பானை வைத்த பொங்கல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

2016 இறுதியில் என் மனைவி கேட்டார்: “ஏங்க, நீங்கள் இங்கே வர முடியாது என்றால் நாங்கள் அங்கே வந்துவிடுகிறோமே?” நியாயமான கேள்வி. 2017 ஜனவரி 10 முதல் 13 வரை கண்காட்சி. மறுநாள் பொங்கல். அப்படியே பாரிசுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய் வருவது என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 8 புறப்பாடு, 20 இரவு திரும்புதல், மொத்தம் 13 நாள். டிராவல் ஏஜென்ட் மூன்று பேருக்கும் சேர்த்து விமான டிக்கெட், விடுதி, ரயில் பாஸ், விசா, காப்பீடு என்று எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் போட்டு 6,24,000 ரூபாய்க்கு ஒரே பில் கொடுத்தார். நிறுவனத்தின் பெயரில் கொடுத்தார். நான் கேட்டுத்தான் வாங்கினேன். நடப்புக் கணக்கிலிருந்து ஒரே காசோலை. கணக்கில் ‘வெளிநாட்டுப் பயணச் செலவு’ என்று ஒரே வரி. தொழிலுக்குப் போன பயணம், தொழிலிலிருந்து பணம் போனது என்பதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

2018 ஆகஸ்டில் வருமான வரித்துறையிலிருந்து, கணக்கை விரிவாகச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் வந்தது. கேட்ட பல விவரங்களில் வெளிநாட்டுப் பயணமும் ஒன்று. பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கம், கண்காட்சியில் ஸ்டால் எடுத்த ஆவணம், பையர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பயண பில்லின் பிரிவு விவரம் எல்லாம் வேண்டும். ஸ்டால் ஆவணம் இருந்தது. பையர் மின்னஞ்சல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பில்லின் பிரிவு விவரம் மட்டும் இல்லை. ஏஜென்டைக் கேட்டபோது, இரண்டு வருடத்துக்கு முந்தைய தொகுப்பு, உள்விலைகளை எடுக்க முடியாது என்றார்.

பிராங்க்பர்ட்டில் பையர்களை அழைத்துச் சென்று சாப்பிட்ட உணவகங்களின் ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பிரித்துக் கொட்டியபோது விழுந்தவை வெற்றுத்தாள்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள். கரூர் வெயிலில், இரும்பு அலமாரிக்குள், எழுத்து முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. ஒன்றிரண்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓர் எண்ணின் நிழல் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் எதை நிரூபிப்பது?

ஆடிட்டர் என்னை உட்கார வைத்துச் சட்டத்தை விளக்கினார். அன்றிருந்த வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவின்படி ஒரு செலவை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டுமானால் அது முழுவதும் தொழிலுக்காக, தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சொந்தச் செலவாக இருக்கவே கூடாது. இதில் எனக்குத் தெரியாமல் இருந்த நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ‘அவசியமாக’ என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. 1979-இல் சாசூன் டேவிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆகவே, “நீங்கள் ஜெர்மனிக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா, மின்னஞ்சலில் முடிந்திருக்காதா?” என்று அதிகாரி கேட்டுச் செலவைத் தள்ள முடியாது. தொழிலுக்காகப் போனோமா என்பது மட்டுமே கேள்வி. பாரிசுக்கு நான் தொழிலுக்காகப் போகவில்லை.

“கடையில் ஒரு மூட்டையில் அரிசியும் கல்லும் கலந்திருந்தால் எடை போடுகிறவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டு இருக்க மாட்டார் சார். மூட்டையையே ஒதுக்கி வைப்பார்” என்றார் ஆடிட்டர்.

2019 நவம்பரில் உத்தரவு வந்தது. அதிகாரி மூட்டையை முழுவதுமாக ஒதுக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நியாயமாகவே நடந்துகொண்டார். மனைவி, மகன் இருவரின் பங்காக 4,16,000 ரூபாயை முழுமையாக நீக்கினார். என் பங்கான 2,08,000 ரூபாயை 13 நாளுக்கு வகுத்து, சுற்றுலாவில் கழிந்த 7 நாளுக்கு 1,12,000 ரூபாயை நீக்கினார். ஆறு லட்சத்துச் சொச்சத்தில் செலவாக ஏற்கப்பட்டது 96,000 மட்டும். நீக்கிய 5,28,000 ரூபாய்க்கு 30 சதவீத வரி, அதன்மேல் அன்றைய 3 சதவீத செஸ், 2017 ஏப்ரலிலிருந்து உத்தரவு வந்த மாதம் வரை மாதம் 1 சதவீத வட்டி என்று எல்லாம் சேர்ந்து 2,15,000 ரூபாயைத் தாண்டியது.

குடும்பத்தின் பங்கு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அது போக வேண்டியதுதான். கணக்கில் ஏற்றியதே தவறு. என் நெஞ்சில் இன்றும் உறுத்துவது அந்த 96,000. கண்காட்சி நாட்களில் பிராங்க்பர்ட்டில் விடுதி வாடகை மும்மடங்காகிவிடும். அதனால்தான் எங்களில் பலர் பக்கத்து ஊரான மைன்ஸில் தங்கிப் புறநகர் ரயிலில் போய் வருகிறோம். அங்கேயும் அந்த வாரம் விலை அதிகம்தான். நான் தனியாகப் போய்த் திரும்பியிருந்தால் விமான டிக்கெட், ஐந்து இரவு விடுதி, விசா, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து 1,60,000 ரூபாய் வந்திருக்கும். அது முழுக்க முழுக்கத் தொழில் செலவு. தனி பில் இருந்திருந்தால் ஒரு ரூபாய் குறையாமல் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்ததால், உரிமையாகக் கேட்டிருக்கக்கூடிய 64,000 ரூபாயும் கையை விட்டுப் போனது.

உத்தரவோடு அபராத நோட்டீஸும் வந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அன்றைய 270ஏ பிரிவின்படி அந்த வரியில் 50 சதவீதம் அபராதம். தவறான தகவல் கொடுத்துக் குறைத்ததாக முடிவானால் 200 சதவீதம். எங்களுடையது முதல் வகை. இங்கே ஆடிட்டர் காட்டிய வழியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வரியையும் வட்டியையும் குறித்த கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் 68-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்தால், முதல் வகை அபராதத்திலிருந்து அன்று 270ஏஏ பிரிவின்கீழ் விலக்குப் பெற முடிந்தது. நாங்கள் பெற்றோம். 81,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கோபத்தில் மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் அந்தக் கதவு அடைபட்டிருக்கும்.

அதன் பிறகும் நான் குடும்பத்தோடு போவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை. தொழில் பயணத்தின் வாலில் நாலு நாள் விடுமுறையைச் சேர்ப்பது குற்றம் அல்ல. அந்த நாலு நாளையும் தொழில் கணக்கில் எழுதுவதுதான் தவறு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இதைப் பிரிக்க முடியாது. டிக்கெட் போடும் அன்றே பிரிய வேண்டும். அப்போது பிரியாதது பிறகு எந்த ஆடிட்டராலும் பிரியாது.

இப்போது ஏஜென்டிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் தொழில் பயணத்துக்கு ஒரு பில், நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு. குடும்பத்துக்கு இன்னொரு பில், மனைவியின் பெயரில், அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து பணம். கண்காட்சி முடிந்த பிறகு நான் தங்கும் இரவுகளும் இரண்டாவது பில்லில்தான் வர வேண்டும். ஏதாவது அவசரத்தில் நடப்புக் கணக்கிலிருந்து சொந்தச் செலவு போய்விட்டால் அன்றே அதை டிராயிங்ஸ் கணக்கில் (உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்த பணத்தைக் காட்டும் கணக்கு) எழுதச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கர் இதில் என்னைவிடக் கறார். “அண்ணா, இது எந்த உறை?” என்று கேட்காமல் எதையும் வாங்க மாட்டார். நீல உறை தொழில், மஞ்சள் உறை வீடு.

பலரும் கேட்பது விமான டிக்கெட்டைப் பற்றித்தான். போக வர ஒரே டிக்கெட், நடுவில் சில நாள் சொந்தம் என்றால் அதை எப்படிப் பிரிப்பது? நான் செய்வது இது. டிக்கெட் போடும் அன்று, அதே விமானத்தில் கண்காட்சி முடிந்த மறுநாளே திரும்பினால் என்ன விலை என்பதையும் திரையில் எடுத்துத் தேதியோடு அச்சிட்டு வைக்கிறேன். 2024-இல் ஜனவரி 13 அன்று திரும்புவதற்கு 61,000 காட்டியது. 18 அன்று திரும்புவதற்கு 58,000. தாமதமாகத் திரும்பியதால் தொழிலுக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. 58,000 முழுவதையும் தொழிலில் எழுதினேன். விலை மாறியிருந்து 18-ஆம் தேதி டிக்கெட் கூடுதலாக இருந்திருந்தால், குறைந்த தொகையை மட்டும் எழுதி மிச்சத்தை வீட்டுக் கணக்கில் போட்டிருப்பேன். 2017-இல் பிராங்க்பர்ட்டில் இறங்கி சூரிக்கிலிருந்து ஏறினேன். அப்படி ஊர் மாறினால் ஒப்பிட்டுக் காட்டுவது சிக்கலாகிவிடும். முடிந்தவரை இறங்கிய ஊரிலிருந்தே ஏறுங்கள்.

நாட்குறிப்பும் அதே அளவு முக்கியம். எத்தனை நாள் தொழில், எத்தனை நாள் சொந்தம் என்பதற்கு நம் சட்டத்தில் வாய்பாடு எதுவும் இல்லை. அதிகாரி சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆகவே சூழ்நிலையை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். ஊர் திரும்பிய வாரத்திலேயே ஒரு பக்கம் எழுதிவிடுகிறேன்: எந்தத் தேதியில் எந்த பையர் ஸ்டாலுக்கு வந்தார், எந்த டிசைன் கேட்டார், எந்தத் தேதியில் சாம்பிள் அனுப்புவதாகச் சொன்னோம். பிறகு அந்த சாம்பிள் போன கூரியர் ரசீதை அதன் பின்னால் குத்திவிடுவேன். பயணத்திலிருந்து ஆர்டர் வரைக்கும் ஒரே நூல் ஓடுகிறது. உணவக ரசீதுகளை மேசையிலிருந்து எழுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துவிடுகிறேன். வெளுத்துப்போன அந்தத் தாள்களை மறக்க முடியவில்லை.

என் அக்கா மகன் டெக்சாசில் சொந்தமாக மென்பொருள் ஆலோசனைத் தொழில் செய்கிறான். அங்கே இதற்கு நாள் கணக்கே இருக்கிறது. நாட்டுக்குள் போகும் பயணம் முதன்மையாகத் தொழிலுக்காக என்றால் போக்குவரத்துக் கட்டணம் முழுவதும் கழியும். முதன்மையாகச் சொந்தம் என்றால் கட்டணம் கொஞ்சமும் கழியாது. வெளிநாட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, அதில் சொந்த நாட்கள் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் கட்டணத்தையும் நாள் விகிதத்தில் பிரிக்க வேண்டும். போகும் நாளும் வரும் நாளும் தொழில் நாளாகவே எண்ணப்படும். இரண்டு வேலை நாளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சனி ஞாயிறும் அப்படியே. சாப்பாட்டில் பாதிதான் கழியும். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு 2018 முதல் இந்தக் கழிவு இல்லை. இங்கே அந்த விதிகள் செல்லாது. இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் என் நாட்குறிப்பை எப்படி அமைப்பது என்று கற்றேன்.

உள்நாட்டுப் பயணத்தில் வேறொரு குழி இருக்கிறது. அதை ஜிஎஸ்டி தோண்டி வைத்திருக்கிறது. கிரேட்டர் நொய்டாவில் நடக்கும் டெல்லி கைவினைக் கண்காட்சிக்கு ஒரு முறை போய்விட்டு, யமுனா விரைவுச் சாலையில் ஆக்ராவுக்குக் குடும்பத்தோடு போனோம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை போனோம். விடுதி விஷயத்தில், கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேயே சேவை நடந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உத்தரப் பிரதேச விடுதி அந்த மாநில வரியைத்தான் போடும். தமிழ்நாட்டில் பதிவு செய்த நான் அதற்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அங்கே நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கிய பில், செலவுக்குச் சான்றாக மட்டுமே பயன்படும். விமான டிக்கெட் அப்படி அல்ல. அதில் நம் எண்ணைக் கொடுத்திருந்தால் தொழில் பயணத்துக்கு வரவு எடுக்கலாம்.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. முன்பதிவுத் தளத்தில் ஒரு முறை எண்ணைச் சேமித்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைக்கும் போடும் டிக்கெட்டிலும் அது தானாகவே ஏறிவிடும். அடுத்த மாதம் அந்த வரியும், நமக்கு வரக்கூடிய வரவுகளைப் பட்டியலிடும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் வந்து நிற்கும். கணக்கர் பார்க்காமல் எடுத்துவிட்டால் அது சொந்த உபயோகத்துக்கு எடுத்த வரவு, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்திருக்கிற வரவு. எனக்கே ஒரு முறை இப்படி நடந்து, திருப்பிக் கட்டினேன். குடும்ப டிக்கெட்டை இப்போது மனைவியின் போனிலிருந்துதான் போடுகிறோம்.

நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அங்கே கம்பெனி வேறு, சம்பளம் வாங்கும் இயக்குநர் வேறு. அலுவல் பயணத்தை விடுமுறையாக நீட்டினால், நீட்டிய நாட்களுக்குக் கம்பெனி கொடுத்த செலவு மட்டும் அவருடைய சம்பளத்தோடு சேரும் சலுகையாகக் கருதப்படும் என்று 1962 வருமான வரி விதிகளின் 3(7) தெளிவாகவே சொன்னது. கூட வந்த குடும்பத்தினருக்குக் கம்பெனி செலவழித்திருந்தால் அதுவும் சேரும். இதைச் சம்பளத்தில் காட்டி வரி பிடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. மறைத்தால்தான் இரண்டு பக்கமும் அடி விழும். பழைய சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சட்டத்தின் 44ஏடி, 44ஏடிஏ போன்ற உத்தேச வருமான முறையில் வரி கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அங்கே வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வருமானமாக எடுத்துக்கொள்வதால் பயணச் செலவைத் தனியாகக் கழிக்க இடமே இல்லை. உள்ளூரில் வாடகைக் காருக்கோ விடுதிக்கோ ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு பொதுவாகக் கழிக்கப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விசா விண்ணப்பத்தில் எழுதுவது வேறு, கணக்கில் எழுதுவது வேறு என்று நினைக்க வேண்டாம். 2017-இல் மனைவிக்கும் மகனுக்கும் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த முகப்புக் கடிதத்தில் ‘குடும்ப விடுமுறைப் பயணம்’ என்று இருந்தது. அதன் நகல் பயணக் கோப்பிலேயே இருந்தது. கோப்பை அப்படியே ஒப்படைத்தோம். உத்தரவில் அந்த வரி மேற்கோளாக வந்தது. அந்தக் கடிதத்தில் நான் எழுதியது உண்மை. கணக்கும் அதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதோடு, 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் விற்பவர் நம் பான் எண்ணில் வரி வசூலித்துக் கட்டுகிறார். அது வரித்துறையின் பதிவில் சுற்றுலா என்ற பெயரிலேயே ஏறிவிடுகிறது. அதைத் தொழில் செலவு என்று எழுதினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும்.

2024-இல் கண்காட்சி ஜனவரி 9 முதல் 12 வரை. நான் முன்னதாகவே தனியாகப் போய்விட்டேன். 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஸ்டாலைப் பிரித்து, மிச்ச சாம்பிள்களைப் பெட்டியில் கட்டி, மைன்ஸ் விடுதியில் கடைசி இரவு தங்கி மறுநாள் காலை கணக்கு முடித்தேன். அந்த பில் நீல உறைக்குள் போனது. அன்றே மனைவியும் மகனும் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் ஹைடல்பெர்க்கில் சமையலறையோடு கூடிய ஒரு சிறிய வீட்டை நாலு இரவுக்கு எடுத்திருந்தோம். முன்பதிவு மனைவியின் பெயரில், பணம் அவருடைய கார்டில்.

திங்கட்கிழமை, 15-ஆம் தேதி, பொங்கல். வெளியே நெக்கர் ஆற்றின் மேல் பனிமூட்டம். கரூரிலிருந்து கொண்டுவந்த பச்சரிசியும் வெல்லமும் மின் அடுப்பின் பக்கத்தில் இருந்தன. பால் பொங்கி வர நேரமானது. பாத்திரத்தை விட்டு மகன் கண்ணை எடுக்கவில்லை. பொங்கியதும் மூன்று பேரும் சேர்ந்து குரல் கொடுத்தோம். பிறகு மனைவி, பால் வாங்கிய கடை ரசீதை மடித்து என்னிடம் நீட்டினார். மஞ்சள் உறையைத் தேடி எடுத்தேன்.